மூன்றாவது ஊதலுக்குப் பிறகு

அன்று காலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் சரியாக ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்திருந்த அதிகாரி அம்மா, அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பியூன். பியூன் கடைசி வரைக்கும் உள்ளே வராமல் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம். சேர்த்தே விடுகிறேன். அறுபதுகள் முடியப்போகிற சமயம். இடம் அந்தமானில் மாயாபந்தர்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கவலைப்படுவதுதான் வேலை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பூரானுக்குப் பயந்து கட்டில் கால்களுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய தகர டப்பா வைப்பேன். என் வீட்டுக்காரர் சர்க்கார் படகுப் பட்டறையில் எஞ்சின் மிஸ்திரி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "ஏட்டி, கவலப்பட ஒண்ணுமில்லன்னா நீ அதுக்கும் சேத்து கவலப்படுவியே" என்பார்.

அந்தப் பிள்ளை எங்களுக்குப் பிறந்தவள் இல்லை. எங்களுக்கு அப்போது குழந்தை கிடையாது. மெயின்லேண்டிலிருந்து ஒரு குடும்பம் வீட்டு வேலைக்காக அவளைக் கூட்டி வந்திருந்தது. அந்த வீட்டில் அவளுக்கு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. முதுகில் அடையாளங்கள் இருந்தன என்பதோடு விட்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டுப் போலீஸுக்குச் சொல்ல, கேஸ் ஆகி, பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்வி வந்தது. எங்கள் மாதா கோயில் சாமியார் எங்களைக் கேட்டார். நாங்கள் சரி என்றோம். ஆறு மாதம் வைத்துப் பாருங்கள் என்று கோர்ட்டில் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். பிள்ளை எங்களோடு ஒட்டியிருக்கிறாளா இல்லையா என்று அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு.

கோர்ட் காகிதத்தை என் வீட்டுக்காரர் வாசித்துக் காட்டினார். அதில் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. மெட்ராஸ் துறைமுகத்தில் அந்தக் குடும்பத்தோடு அவளைக் கப்பல் ஏற்றிவிட்டவர் அவளுடைய அப்பா. "எறங்கி உனக்கு பன் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாராம். கப்பல் கிளம்பிவிட்டது. பன்னும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை.

அந்தமானில் இருந்தவர்களுக்குக் கப்பல் நாள் என்றால் என்னவென்று தெரியும். கடிதம், காய்கறி, மருந்து, விருந்தாளி எல்லாம் அதில்தான். ஊரே கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போகும். திரும்பிப் போகும்போதும் அப்படித்தான். வழியனுப்புகிறவர்கள் கப்பலுக்குள்ளேயே ஏறி, உட்கார்ந்து, டீ குடித்துப் பேசுவார்கள். முதல் ஊதல் ஊதினால் கவலையில்லை. இரண்டாவது ஊதலுக்கு எழுந்திருக்கலாம். மூன்றாவதுக்கு இறங்கியிருக்க வேண்டும். உடனே ஏணிப்படியை எடுத்துவிடுவார்கள். சின்னக் குழந்தைக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் கப்பல் நாளில் ஜெட்டிப் பக்கமே வரமாட்டாள். ஊதல் கேட்டால் கொல்லையில் உட்கார்ந்து, தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பாள்.

மற்றபடி அவளைப் போல ஒரு நல்ல பிள்ளை கிடையாது என்று நான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எழுந்து பாயைச் சுருட்டிவிடுவாள். போட்டதைச் சாப்பிடுவாள். இன்னும் வேண்டுமா என்றால் வேண்டாம் என்பாள். என்னை எப்படியும் கூப்பிட்டதில்லை, அக்கா என்றும் இல்லை, வேறெப்படியும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து, நான் திரும்பிப் பார்க்கும் வரை நிற்பாள். அதை மரியாதை என்றே நினைத்தேன்.

ஏழாவது மாதம்தான், அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவாளோ என்று பயம். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பத்து நாளாக அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்! அவளும் தலையை ஆட்டி ஆட்டிப் படித்துக்கொண்டாள்.

அதிகாரி அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மெட்ராஸ்காரர். கையில் வளைந்த பிடி வைத்த கறுப்புக் குடை. பெஞ்சில் உட்கார்ந்து, இளநீர் குடித்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, மெதுவாகப் பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்.

"இங்க எப்படிம்மா இருக்கு உனக்கு?"

அவள் கைகட்டி நின்று, ஜெபம் சொல்வது போல ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "நான் இங்க சந்தோசமா இருக்கேன். இவங்க என்னைய சொந்தப் புள்ள மாதிரி பாத்துக்கிறாங்க. இந்த எடத்துல லேசா சிரிக்கணும்."

என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்குப் பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாம்மா" என்று பிள்ளையை உள்ளே அனுப்பினார். போகும்போதும் வரும்போதும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி உக்காரு. காலை நீட்டு பார்க்கலாம்."

உள்ளங்காலில் ஒரு வெட்டு. பவளப்பாறையில் மிதித்தால் வருமே, அந்த மாதிரி. பழைய பாவாடைக் கிழிசலை மடித்து ஒட்டிவைத்திருந்தாள். சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

"எப்ப பட்டது?"

"போன வாரம்."

"யார்கிட்ட சொன்ன?"

பிள்ளை பாவாடையை இழுத்துக் காலை மூடப் பார்த்தாள்.

"வலிக்கலையா?"

"வலிக்கலம்மா."

அவர் புண்ணுக்குப் பக்கத்தில் விரலால் லேசாக அழுத்தினார். பிள்ளையின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கால் விரல்கள் ஐந்தும் மட்டும் உள்ளே சுருண்டுகொண்டன. மழைக்குப் பயந்தேன், பூரானுக்குப் பயந்தேன், நிலம் ஆடுமோ என்று பயந்தேன். எனக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்த பிள்ளை ஒரு வாரமாகப் புண்ணோடு நடந்ததை நான் பார்க்கவில்லை.

புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டிய பிறகு அதிகாரி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுப்படியில் நின்றுகொண்டே, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏதாவது வேணும்னு அடம் பிடிச்சிருக்காளா?"

"இல்லவே இல்லம்மா! தங்கமான புள்ள."

"உங்க மேல எப்பவாவது கோவப்பட்டிருக்காளா?"

"ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டா."

"ஒரு பாத்திரம், பண்டம் ஏதாவது உடைச்சிருக்காளா?"

"ஏழு மாசத்துல ஒரு டம்ளர்கூட இல்லம்மா!"

ஒவ்வொன்றையும் அவர் எழுதிக்கொண்டார். நான் மார்க் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்றை நானாகச் சேர்த்துச் சொன்னேன். நோட்டை மூடினார்.

"உங்க ரெண்டு பேர் மேலயும் குறையே இல்ல. நீங்க பாசமாத்தான் இருக்கீங்க. ஆனா அவ ஒட்டல. எப்ப அடி விழுமோன்னு பார்த்துப் பார்த்து காலடி வைக்கிறா. உங்களை நம்பினா அந்தக் காலை உங்ககிட்டதானே முதல்ல காட்டியிருப்பா? பதினாலு வயசுப் பிள்ளை ஏழு மாசம் ஒரு தடவைகூட முறைக்கலேன்னா அது நல்ல குணம் இல்லம்மா, பயம். போர்ட் பிளேர்ல பெண்பிள்ளைங்க விடுதி இருக்கு. இந்த மாதிரி அடிபட்ட பிள்ளைங்களைப் பார்த்துப் பழகினவங்க அங்க இருக்காங்க. அடுத்த கப்பல்ல அனுப்பச் சொல்லி எழுதப் போறேன்."

கும்பிட்டேன். அழுதேன். இன்னும் ஆறு மாதம் கொடுங்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, சொன்னதை மாற்றவில்லை. எல்லாவற்றையும் விட என்னைக் கொன்றது அதற்கு அடுத்த நிமிடம்தான். பிள்ளை கதவோரம் வந்து நின்று, நான் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்து, கேட்டாள்.

"துணியெல்லாம் இப்பவே மடிச்சு வச்சிரட்டுமா?"

மத்தியானம் அதே கப்பலில் அதிகாரி அம்மா திரும்புகிறார். அன்று என் வீட்டுக்காரருக்கு ஜெட்டியில் வேலை. அவரும் பியூனும் அதிகாரியோடு முன்னாலேயே போய்விட்டார்கள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வழிக்கு மீன் பொரித்துக் கொடுப்போம், கொடுக்கிற சாக்கில் இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்போம். எண்ணெய் சட்டியில் மீன் சடசடவென்று பொரிய, நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருப்பித் திருப்பிப் போட்டேன். தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், பெஞ்சின் மேல் அதிகாரி அம்மாவின் குடை! மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"நீ குடைய எடுத்துக்கிட்டு வா" என்று பிள்ளையிடம் சொன்னேன். கப்பல் நாளில் ஜெட்டிக்குக் கூப்பிடுகிறோமே என்று அப்போது எனக்கு நினைப்பே இல்லை. அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவள்தான் எதற்கும் மாட்டேன் என்று சொல்லமாட்டாளே! நொண்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

ஜெட்டியில் ஒரே கூட்டம். நெல் மூட்டை, கோழிக்கூடை, அழுகிற குழந்தைகள், வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், நம்மவர்கள். என் வீட்டுக்காரர் கயிறு கட்டும் இடத்தில் நின்றிருந்தார்.

"குடுத்துட்டு ஜல்தி வா. உள்ள போயி கத பேசாத" என்றார்.

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறிவிட்டேன். தூக்குவாளி என் கையில். குடை அவள் கையில். அதை வாங்க மறந்துவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அதிகாரி அம்மா மேல்தளத்தில் கம்பியோரம் உட்கார்ந்திருந்தார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் என் மனசில் இருந்ததையெல்லாம் கொட்ட ஆரம்பித்தேன். பாடம் சொல்லிக்கொடுத்தது நான்தான், தப்பு என்மேல்தான், பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். அதற்குள் ஊதல் ஒன்று ஊதியது. முதல் ஊதல் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். பேச்சைத் தொடர்ந்தேன். இன்னொன்று ஊதியது. இரண்டு. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று வேகமாகப் பேசினேன்.

இப்போது நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். முதல் ஊதல், நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோதே ஊதிவிட்டது! எண்ணெய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க எதையும் மூன்று தரம் எண்ணிப் பார்ப்பவள், அன்றைக்குத்தான் எண்ணுவதில் தவறினேன்.

காலடியில் பலகை அதிர்ந்தது. அதிகாரி அம்மாதான் முதலில் பார்த்தார். "ஐயோ, கப்பல் நகருதும்மா!"

எழுந்து ஓடினேன். ஏணிப்படியை எடுத்துவிட்டார்கள். ஜெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவில் தண்ணீர். முதலில் ஒரு கை அகலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் அகலம், ஒரு அறை அகலம். கப்பலில் இருந்தவர்களுக்கோ ஒரே கொண்டாட்டம். "சலோ பஹன்ஜி, போர்ட் பிளேர் சுற்றிப் பார்த்துட்டு வாங்க!" என்று இந்தியும் தமிழுமாகக் கிண்டல் செய்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஜெட்டியில் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "ஏட்டி! ஏட்டீ!" என்று கத்துகிறார். அடுத்த ஜெட்டியில் இறக்கிவிட்டாலும் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம்! அதற்குள் பிள்ளையை அனுப்பிவிடுவார்களே என்று என் புத்தி அங்கேயும் கவலைப்படுகிறது.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன்.

கூட்டத்துக்கு நடுவே குடையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. அவள் பார்த்தது என்னையா, மெட்ராஸ் துறைமுகத்தையா என்று எனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு அலறல் வந்தது பாருங்கள்! ஏழு மாதமாக அந்தத் தொண்டைக்குள் அப்படி ஒரு குரல் இருக்கிறதென்று எனக்குத் தெரியவே தெரியாது.

"எறங்கு! எறங்குன்னு சொல்றேன்ல! எறங்கு!"

அலறிக்கொண்டே ஓடினாள். காலில் கட்டு அவிழ்ந்து வால் மாதிரி பின்னால் இழுபடுகிறது. மூட்டைகளைத் தாண்டினாள். ஒரு கோழிக்கூடை உருண்டது. ஜெட்டியின் கடைசிப் படிக்கட்டில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் கூட்டத்து அண்ணன் ஒருவர் டிங்கியை, அதாவது சின்னத் துடுப்புப் படகை, நிறுத்தியிருந்தார். அவருடைய கிராமத்திலிருந்து காய்கறி கொண்டுவந்து இறக்கிவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இவள் மேலிருந்து ஒரே குதி, டிங்கிக்குள்!

"அரே பகலி! பைட்டோ, பைட்டோ!" என்று அவர் கத்தினார். பைத்தியமே, உட்காரு என்று அர்த்தம். அவள் எங்கே உட்கார? கப்பலைக் காட்டிக் காட்டி அலறுகிறாள். மனுஷன் ஒரு கணம் என்னைப் பார்த்தார், ஒரு கணம் அவளைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பிவிட்டுத் துடுப்பைப் போட்டார். நீந்தத் தெரியாத பிள்ளை அவள். டிங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது. அவளோ நடுவில் நின்றுகொண்டிருக்கிறாள். "உக்காரு புள்ள, உக்காரு!" என்று நான் இங்கிருந்து கத்த, "நீ எறங்கு மொதல்ல!" என்று அவள் அங்கிருந்து கத்த, கப்பல் முழுக்கக் கம்பியோரம் வந்து நின்றுவிட்டது. கிண்டல் செய்தவர்களே இப்போது, "ரோக்கோ! ரோக்கோ! நிறுத்துங்க!" என்று மேலே பார்த்துக் கூச்சல் போடுகிறார்கள்.

கப்பல் துறைக்குள்ளேயே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதுதான் எங்கள் நல்ல காலம். மேலேயிருந்து யாரோ கட்டளை போட, எஞ்சின் சத்தம் இறங்கியது. கலாசி ஒருவர் பக்கவாட்டில் கயிற்று ஏணியைத் தொங்கவிட்டார். நான் அதைப் பார்த்து ஓடினால், குறுக்கே டிக்கெட் பாபு, கையில் ரசீதுப் புத்தகத்தோடு!

"ஜெட்டி சோட் தியா. டிக்கெட் லகேகா." ஜெட்டியை விட்டாகிவிட்டது, இனிமேல் டிக்கெட் எடுத்தாக வேண்டுமாம். அடுத்த ஜெட்டி வரைக்கும் உள்ள கட்டணம் கேட்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் விளையாடவில்லை. என்னிடம் ஒரு காசு கிடையாது. அதிகாரி அம்மா பையைத் திறந்து, எண்ணி அவர் கையில் வைத்து, "இப்ப வழியை விடுங்க!" என்று இந்தியில் ஒரு அதட்டல் போட்டார்.

கீழே டிங்கி கப்பலின் அலையில் ஏறி ஏறி இறங்குகிறது. கயிற்று ஏணி ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? அதிகாரி அம்மாவின் குடையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வளைந்த பிடியை ஏணியின் கடைசிப் படியில் மாட்டி, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்! ஏணி ஆடாமல் நின்றது. நான் கம்பியைத் தாண்டிக் காலை வெளியே வைத்தேன். எந்தத் தைரியத்தில் வைத்தேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவள் நான்.

கீழேயிருந்து ஒரே திட்டு. "கீழ பாக்காத! கால எடு! அடுத்த கட்டை! அதுல்ல, அதுக்கும் கீழ! சேலையைச் சுருட்டிக்கோ! சொல்லாம கொள்ளாம ஏறத் தெரிஞ்சுதுல்ல, எறங்கத் தெரியாதா?"

மேலேயிருந்து கப்பலே சிரிக்கிறது. நான் ஒவ்வொரு கட்டையாக இறங்கி, கடைசிக் கட்டையில் கை வழுக்கி, பொத்தென்று டிங்கிக்குள் விழுந்தேன். கரேன் அண்ணன், "ஹோ கயா, ஹோ கயா", ஆயிற்று ஆயிற்று, என்று சிரித்துக்கொண்டே டிங்கியைக் கப்பலிலிருந்து தள்ளி விலக்கினார்.

பிள்ளை என்மேல் பாய்ந்தாள். அணைத்துக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நான் கையை நீட்டினேன். தோளில் இரண்டு அடி வைத்தாள்! சரியான அடி.

"எங்க போற? எங்கிட்ட சொல்லாம நீ எங்க போற? பன் வாங்கப் போனாரே, அப்பிடியா? நீயும் அப்பிடித்தானா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. "இல்லட்டி, இல்லட்டி" என்று சொல்லியிருப்பேன். அவள் என் முந்தானையைக் கையில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

அப்போது மேலேயிருந்து அதிகாரி அம்மா குனிந்து கூப்பிட்டார். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் கேட்டார்.

"ஏம்மா! காலு எப்படி இருக்கு?"

பிள்ளை அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, ஈரக் காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். புண் பிளந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"வலிக்குது" என்றாள். "ரொம்ப வலிக்குது. உன்னாலதான்."

நான் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். அதிகாரி அம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் கால் என் மடியில் இருந்தது அவருக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் நோட்டைத் திறந்து ஒரு தாளை இழுத்து, எல்லாருக்கும் தெரிய இரண்டாகக் கிழித்தார். கப்பல் நகர்ந்தது. என் மீன் தூக்குவாளி அதோடு போயிற்று. அவருடைய குடை எங்களோடு வந்தது.

ஜெட்டியில் ஏறியதும் என் வீட்டுக்காரர் என்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். பிள்ளை அவரை முறைத்த முறைப்பில், "சரி சரி, நீயே திட்டிட்டல்லா" என்று வாயை மூடிக்கொண்டார். வீடு வரைக்கும் அவள் முந்தானையை விடவில்லை. அன்று மாலை கொல்லைக்குப் போகும்போதுகூட நான், "கொல்லைக்குப் போறேன், இப்ப வந்திருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினாள். அந்தப் பழக்கம் இன்றுவரை என்னை விடவில்லை.

அதிகாரி அம்மாவிடமிருந்து கடிதம் வரும் வரை நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஒரு நாள் அடுப்படியில் சலார் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணாடி டம்ளர் சுக்குநூறு. பிள்ளை என்னை நேராகப் பார்த்து, "கை தவறிருச்சு. நீ ஏன் ஓரத்துல வச்ச?" என்கிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் துடைப்பத்தை எடுப்பதற்குப் பதில் தபால் கார்டை எடுத்தேன். "அம்மா, டம்ளர் உடைந்துவிட்டது. என்னைத்தான் குறை சொல்கிறாள்" என்று கோணல் மாணலாக எழுதி அன்றைக்கே போட்டேன்.

அடுத்த கப்பலில் பதில் வந்தது. ஆறு மாதம் இல்லை, பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும் வரை எங்களோடு இருக்கட்டும் என்று எழுதி அனுப்பிவிட்டாராம். கடைசியில், "இன்னும் நிறைய உடையட்டும்" என்று ஒரு வரி. பதினெட்டு ஆன பிறகும் அவள் போகவில்லை. கல்யாணம் ஆகித்தான் போனாள். இப்போது போர்ட் பிளேர் பக்கம் சௌல்தாரியில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். வந்தால் என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து, விட்டுப்போன நாள்களை எண்ணி, கரேன் அண்ணனின் டிங்கியில் திட்டிய அதே குரலில் என்னைத் திட்டுவாள். அவள் என்னை இதுவரை அம்மா என்று கூப்பிட்டதில்லை. "ஏய், இங்க பாரு" என்பாள். எனக்கு அது போதும்.

குடையைப் பட்டறை ஆள் ஒருவர் மூலம் போர்ட் பிளேருக்குக் கொடுத்தனுப்பினோம். டிக்கெட் காசை மணியார்டர் செய்தேன். அது திரும்பி வந்துவிட்டது. அதற்குள் அவரை மெயின்லேண்டுக்கு மாற்றிவிட்டார்களாம். விலாசம் கேட்டு அலைந்தோம், கிடைக்கவில்லை.

நல்ல பிள்ளை என்று நான் ஊரெல்லாம் பீற்றிய ஏழு மாதத்தில் அவள் எனக்குத் தராததை, தோளில் இரண்டு அடியாகவும் காது நிறையத் திட்டாகவும் ஒரே மத்தியானத்தில் தந்துவிட்டாள். அதை வாங்கிக்கொள்ள நான் கப்பலில் போன தூரம் கால் மைல்கூட இருக்காது. அதற்கு அந்த அம்மா கொடுத்த டிக்கெட் காசு இரண்டு ரூபாய் முப்பது காசு, என் கணக்கில் இன்னும் பாக்கி.